கழிப்பறையை ஏலம் விடும் அரசாங்கம்! உங்கள் பேரூராட்சி உண்மையில் எப்படி ஓடுகிறது?

(திரையில்: பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடம். பின்னணியில் ஏலம் கேட்கும் குரல்.)

ஒரு தரம்... ரெண்டு தரம்...

நகை ஏலமா? இல்லை. நிலமா? அதுவும் இல்லை. பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடம். அதில் ஓர் ஆண்டுக்குக் காசு வசூல் செய்யும் உரிமைக்குத்தான் வெள்ளைச் சட்டை போட்ட ஏழெட்டுப் பேர் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏலம் விடுவது யார்? அரசாங்கம். டெல்லியில் இருப்பதும் இல்லை, சென்னையில் இருப்பதும் இல்லை. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் கொடிக்கம்பம் நட்ட ஒரு கட்டடம் இருக்குமே, வரி கட்ட மட்டும் போவோமே, அந்தப் பேரூராட்சி.

வணக்கம் மக்களே! இன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் போகிறோம். கடைசி வரை இருங்கள். நடுவில் 1,100 வருஷத்துக்கு முந்தைய ஒரு சமாச்சாரம் வருகிறது, அதைக் கேட்டால் உங்கள் கவுன்சிலரை நீங்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

முதலில் பாடப் புத்தகப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பேரூராட்சி என்பது கிராம ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவில் நிற்கும் அமைப்பு. 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. நாம் வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறோம், கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகம் செயல் அலுவலர் கையில், ஊர் வழக்கில் ஈ.ஓ.; அவருக்கு மேலே உதவி இயக்குநர். அவ்வளவுதான், தூங்காதீர்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம். அதில் பன்னிரண்டாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. உள்ளாட்சிகளிடம் விடக்கூடிய 18 வேலைகளின் பட்டியல் அது. நகர்த் திட்டமிடல், சாலை, குடிநீர் என்று கம்பீரமாகத் தொடங்குகிறது. போகப் போகத்தான் சுவாரஸ்யம். 14 சுடுகாடு, 15 மாட்டுப் பட்டி, 16 பிறப்பு இறப்புக் கணக்கு, 17-ல் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், அப்புறம் பொதுக் கழிப்பிடம். 18 ஆட்டுத்தொட்டி, அதாவது இறைச்சிக்கு ஆடு வெட்டும் இடம். ஆமாம், இந்திய அரசியல் சட்டத்துக்குள் கழிப்பறை இருக்கிறது. அடுத்த முறை பேருந்து நிலையத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள், நாறுவது அரசியல் சட்டத்தின் பதினேழாவது இனம்.

சரி, ஏலத்துக்கு வருவோம். பேரூராட்சி தானாகச் சம்பாதிக்கும் பணம் குறைவு. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதி, கடை வாடகை. இவை போக மாநில அரசும் மத்திய அரசும் தரும் மானியம். சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏப்ரல் மாதமோ அக்டோபர் மாதமோ முடிவதற்குள் அந்த அரையாண்டுக்கான வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. உங்கள் வரி 300 ரூபாய் என்றால் 15 ரூபாய் மிச்சம், ஒரு டீ. 2022-ல் வரியை உயர்த்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம். அந்த உயர்வைச் சரிக்கட்ட எத்தனை டீ வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வரவு போதாது. அதனால் மார்ச் முடிவதற்குள், வரும் நிதியாண்டுக்கான குத்தகை இனங்களை ஏலம் விடுவார்கள். வாரச்சந்தை, தினசரி மார்க்கெட், சைக்கிள் ஸ்டாண்ட், ஆட்டுத்தொட்டி, நம் கதாநாயகன் கழிப்பிடம். தண்டோரா காலம் போய் இப்போது அறிவிப்பு ஒட்டுகிறார்கள். கலந்துகொள்ள டேவணித் தொகை, அதாவது முன்பணம், கட்ட வேண்டும். சென்ற ஆண்டுத் தொகையைவிடக் குறைவாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்திவைப்புதான்.

இங்கேதான் வேடிக்கை. ஏலம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஊர். முந்தின நாள் சாயங்காலமே டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு வந்தால்? ஒருவர் குறைத்துக் கேட்பார், மற்றவர்கள் மின்விசிறியைப் பார்ப்பார்கள். ஏலம் ஒத்திவைப்பு. அடுத்த தேதியிலும் அதே மின்விசிறி, அதே பார்வை. கடைசியில் யாரும் எடுக்கவில்லை என்றால் பேரூராட்சி ஊழியரே சந்தையில் நின்று காசு வாங்க வேண்டும். வரி வசூலுக்கே ஆள் இல்லாத அலுவலகத்தில் அது என்ன பாடு என்று யோசியுங்கள். அதனால் ஒரு கட்டத்தில் குறைந்த தொகைக்கே கொடுத்துவிடலாமா என்ற பேச்சு, கவுன்சிலர்கள் கூடும் மன்றத்துக்கு வரும். அந்த ஒரு தீர்மானத்தைப் பார்த்தால் போதும், உங்கள் ஊர் மன்றம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

போட்டி கடுமையாக இருந்தால் நல்லதுதானே என்பீர்கள். அதிலும் ஒரு முள் இருக்கிறது. வீம்புக்கு விலையை ஏற்றி எடுத்தவர் போட்ட பணத்தை எங்கே பிடிப்பார்? சந்தையில். தலைச்சுமைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று கட்டணப் பலகை வைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், பேர் வேண்டாம், அந்தப் பலகையைக் கோணிப்பை போட்டு மூடி அதன் மேல் தக்காளிக் கூடையை அடுக்கியிருந்தார்கள். கீரை விற்கும் ஒரு பாட்டியிடம் "ரசீது தருவாங்களா பாட்டி?" என்று கேட்டேன். "ரசீதை வெச்சு நான் என்ன குழம்பா வெக்கப் போறேன்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

(திரையில்: ஸ்டேப்ளர் அடித்த தாள் கட்டு. மேலே 'சாதாரணக் கூட்டம்' என்ற எழுத்து.)

இப்போது மன்றக் கூட்டம். பெரிய மேஜை, பதினைந்து பதினெட்டு நாற்காலி, டீ, பிஸ்கட். கையில் அஜெண்டா, அதாவது கூட்டத்தில் பேச வேண்டிய பொருள்களின் பட்டியல். இந்தத் தாளை நான் காதலிக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதில் ஒரு வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பேரூராட்சிப் பகுதிகளில் சுகாதாரப் பணி மேற்கொள்ள பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, பினாயில் கொள்முதல் செய்த வகையில் ஏற்பட்ட செலவினம் மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது."

இதில் எந்தச் சொல் முக்கியம்? பவுடரா, பினாயிலா? ஒரு நிமிடம் வீடியோவை நிறுத்தி யோசித்துக் கமெண்டில் போடுங்கள்.

விடை: 'செய்த'.

'கொள்முதல் செய்ய அனுமதி' என்றால் இனிமேல்தான் வாங்கப் போகிறார்கள். நீங்கள் விலை கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். 'செய்த வகையில்' என்றால் வாங்கி, தெருவில் தூவி, மழையில் கரைந்தும் போயாகிவிட்டது. இப்போது உங்கள் அனுமதி வேண்டுமாம். இதற்கு அலுவலகத் தமிழில் 'பின்னேற்பு' என்று பெயர். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், ய-வுக்குப் பதில் த. பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம் எதற்கு, வினையெச்சம் எதற்கு என்று கேட்டோமே, இதற்குத்தான்!

நியாயமாகச் சொல்கிறேன், பின்னேற்பு எல்லாமே தப்பு இல்லை. சித்திரை வெயிலில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால், கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, அப்புறம் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொண்டுவரலாம் என்று ஈ.ஓ. உட்கார்ந்திருந்தால் அதற்குள் காலிக்குடங்கள் சாலைக்கு வந்துவிடும். முதலில் மோட்டார், பிறகு காகிதம். அது சரிதான். ஆனால் அஜெண்டாவில் இருபது பொருளில் பதினெட்டு 'செய்த' என்று வந்தால், அந்த ஊரில் மோட்டார் மட்டும் எரியவில்லை.

இவ்வளவும் அதிகாரிகளே செய்கிறார்கள் என்றால் மன்றம் எதற்கு? நியாயமான கேள்வி. நாம் அதைச் சோதித்துப் பார்த்தும் இருக்கிறோம். 2011-ல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு 2022 வரை தேர்தலே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். அந்த ஐந்து வருஷத்துக்கு மேலும் குழாயில் தண்ணீர் வந்தது, குப்பை வண்டி வந்தது. விடியற்காலை ஐந்தரைக்கே தூய்மைப் பணியாளர் விசில் ஊதினார். மன்றம் இல்லாமலும் ஊர் ஓடும். ஆனால் அந்தப் பினாயில் வாக்கியத்தை, அந்த ஊரிலேயே குடியிருக்கும் பதினைந்து பேர் முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டிய கட்டாயம் அப்போது யாருக்கும் இல்லை. "என் வார்டில் எந்தத் தெருவில் தூவினீங்க, சொல்லுங்க?" என்று கேட்க ஆள் இல்லை. என்னைக் கேட்டால் மன்றத்தின் வேலை இந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் சால்வை.

சத்தமாகப் படிப்பது என்றேன் இல்லையா? இதோ, சொன்ன சமாச்சாரம் வந்துவிட்டது. சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் இப்போதே பண்ணிவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர். இன்றைக்கு அதுவும் ஒரு பேரூராட்சிதான். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை என்று பத்து மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்திருப்பீர்கள். நான் சொல்லப் போவது பத்து மதிப்பெண்ணில் வராதது.

ஊரை 30 குடும்பாகப் பிரித்திருந்தார்கள், நம் வார்டு மாதிரி. வாரியம் என்றால் குழு. ஆண்டுக் குழுவான சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. கூட்டினால் 30, கணக்கு கச்சிதம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுவர், எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்று வாங்க வேண்டும். இதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்! ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலையைச் செருகி வைத்திருப்பவன் பத்தாம் நூற்றாண்டிலும் இருந்திருக்கிறான், வேறென்ன? வாங்கிய ஓலையை அவன் வாசிக்க வேண்டும். பிறகு அங்கே இருக்கும் நம்பிமார், அதாவது பூசாரிகள், எல்லோரும் அதை வாசிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அந்தப் பெயர் செல்லும்.

என்னைப் புல்லரிக்க வைத்தது இன்னொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவன் அப்பா, மகன், மாமனார், மருமகன், மைத்துனன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, ஒருத்தரும் நிற்க முடியாது. பினாமி என்ற சொல்லே வராத காலத்தில் பினாமிக்குப் பூட்டு. கல்யாண வீட்டில் உங்கள் ஊர்த் தலைவரின் சொந்தக்காரர்கள் உட்காரும் வரிசையை நினைத்துப் பாருங்கள். அந்த வரிசை மொத்தமும் அவுட்.

உடனே "பொற்காலம்!" என்று கமெண்ட் போடக் கிளம்பாதீர்கள். வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும் (வேலி என்பது அந்தக் கால நில அளவு), சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-லிருந்து 70, வேதம் ஓதியிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. பெண்கள் கிடையாது. அந்த ஏரியில் சேற்றை வாரியவர் பெயர் எந்தக் குடத்திலும் இல்லை. இன்றைக்கு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் சுழற்சியில் ஒதுக்கீடு. தலைவரம்மா நாற்காலியில் இருக்க, அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு அஜெண்டாவைப் புரட்டும் ஊர்களும் இருக்கின்றன. அந்த அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டம் முடியும் வரை வெளியில் டீ குடியுங்கள். நன்றாகத்தான் இருக்கும்.

 

இப்போது உங்களுக்கு வீட்டுப் பாடம். உங்கள் ஊர்ப் பேரூராட்சியின் கடைசி மூன்று கூட்டங்களின் அஜெண்டாவையும் தீர்மான நகலையும் கேளுங்கள். கவுன்சிலர் தெரிந்தவர் என்றால் அவர் பையிலேயே இருக்கும். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கையில் கிடைத்ததும் பேனாவை எடுத்து 'செய்ய' எத்தனை, 'செய்த' எத்தனை என்று வட்டம் போட்டு, இரண்டு எண்ணையும் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அதிகம் 'செய்த' ஊருக்கு அடுத்த வீடியோவில் கேமராவோடு வருகிறேன்.

அப்புறம், தொடக்கத்தில் பார்த்த கழிப்பிடம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். போன தடவை எடுத்தவர் இந்தத் தடவை வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஏலம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அதுவரை இலவசம், தண்ணீர் மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.