எட்டு நாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் உளுந்தங்களி கிண்டினால் அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். நம்ம ஊரில் பெண் பிள்ளை பெரியவளானால் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் களி கிண்டிக் கொடுக்காத வீடு ஏது? எனக்கும் கொடுத்தார்கள். அத்தனை நாளும் அப்பா அடுக்களைப் பக்கமே வரவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்பக் காலம் கழித்துத்தான் அம்மா சொன்னாள், அவருக்குக் களி என்றால் பாளையங்கோட்டை ஜெயில் ஞாபகம்.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் ஆறுமுகநேரி, குலசேகரன்பட்டினம் பக்கம் எப்படிக் கொதித்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 1986 வரை அதெல்லாம் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். அப்பாவுக்கு அப்போது 20 வயது. எங்களிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

1972-ல் சுதந்திர வெள்ளிவிழா வந்தது. தியாகிகளுக்கு மத்திய அரசு பென்ஷன் அறிவித்தது. மாதம் 200 ரூபாய். குறைந்தது 6 மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். எனக்கு 22 வயது, ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்ட வழியில்லை. நான்தான் படிவத்தை வாங்கி வந்து நிரப்ப உட்கார்ந்தேன்.

"எத்தனை மாசம்ப்பா உள்ள இருந்தீங்க?"

"அஞ்சு மாசம் இருபத்திரண்டு நாள்."

ஆறு என்று எழுதிவிடலாம் என்றேன். உடன் இருந்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். அப்பா பேனாவை என் கையிலிருந்து மெல்ல வாங்கினார். "அந்த எட்டு நாளும் நான் வீட்டுலல்லா இருந்தேன், பிள்ளே" என்றார். அவ்வளவுதான். படிவம் பரண்மேல் போய்விட்டது.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. எட்டு நாள்! நாட்டுக்காக வாலிபத்தைக் கொடுத்த மனிதர், பெற்ற பிள்ளைகளுக்காக எட்டு நாளைக் கூட்டிச் சொல்லக்கூடாதா? அந்தக் கோபம் எனக்கு ரொம்ப வருஷம் இருந்தது.

அப்புறம் வேலை கிடைத்து, எட்டாம் வகுப்பில் வ.உ.சி. பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், அவர் செக்கு இழுக்கும்போது அவர் பிள்ளைகளுக்கு யார் பீஸ் கட்டுனா?" எனக்குப் பதில் தெரியவில்லை. சிறைக்குப் போனவர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம், வீட்டில் இருந்த பிள்ளைகளைப் பற்றி? அன்றிலிருந்து தேடுகிறேன். இன்னும் தேடுகிறேன்.

1908-ல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு 20-ம் 20-மாக 40 வருஷம் போட்டார். பின்னால் குறைத்தார்கள். 1912 டிசம்பரில் வெளியே வந்தால் கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்ய வேண்டிய உரிமமான சன்னதும் இல்லை. தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலை பிறழ்ந்துவிட்டது. அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். பல வருஷம் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவி செய்து சன்னது திரும்பக் கிடைத்தது. வ.உ.சி. என்ன செய்தார் தெரியுமா? தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார்.

இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை. வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் பேரில் ஒரு பிள்ளை. 'உனக்கு ஏன்டா இந்தப் பேரு?' என்று அந்தப் பிள்ளையை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அவர் எதிர்த்தது ஆட்சியை. உதவி செய்த மனிதருக்கு நன்றி பாக்கி இருந்தது, அதைத் தீர்த்தார். இதைப் படித்த அன்றைக்குத்தான் அப்பாவின் எட்டு நாள் எனக்குப் புரிந்தது. பாக்கி இருந்தால் கொடுப்பது, இல்லாததை வாங்காதது. இரண்டும் ஒரே கணக்குத்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கடையத்தைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன். பத்து வருஷம் புதுச்சேரியில் வளர்ந்த பாரதியின் மகள்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும் 1918 கடைசியில் அம்மா செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார்கள். தங்கம்மாளுக்கு 14 வயது. ஊர் அவர்கள் அப்பாவைப் பார்த்த பார்வையை அந்த வயதில் பார்த்தவள் அவள். சரி, நேரமில்லை. கடையம் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், உங்கள் ஆச்சி தாத்தா அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். வணக்கம்.