தக்காளியில புது ரகம்: கிராஸ் பண்ணா மட்டும் போதாது

வணக்கம் மக்களே. கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், இந்த மொட்டைப் பாருங்க. இதழ் வெளிர் மஞ்சளா லேசா எட்டிப் பாக்குது, இன்னும் விரியல. கிராஸ் பண்ண, அதாவது ஒரு ரகத்தோட மகரந்தத்தை இன்னொரு ரகத்தோட பூவுல சேர்க்க, இந்தப் பருவம்தான் வேணும். விரிஞ்ச பூவுல அதோட சொந்த மகரந்தமே பெரும்பாலும் விழுந்திருக்கும்.

ட்வீசரால நடுவுல மகரந்தம் வச்சிருக்குற கூம்பை அடியில பிடிச்சு மெதுவா இழுங்க, இதழும் சேர்ந்தே வந்துடும். மிச்சம் நிக்குறது ஒரு பச்சைக் குண்டும், அது மேல மெல்லிசா ஒரு தண்டும்தான். தண்டு ஒடிஞ்சா அடுத்த மொட்டுக்குப் போயிடுங்க. மகரந்தம் தர்ற அப்பா செடியில நல்லா விரிஞ்ச பூவுக்குக் கீழ கறுப்புத் தட்டு பிடிச்சு, காம்புல எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷ வைங்க. தூள் கொட்டும். தண்டோட நுனியில அதைத் தடவுங்க, மறுநாள் காலையிலயும் ஒரு தடவை. 35 டிகிரிக்கு மேல போற நாள்ல வேண்டாம், மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். அடையாளத்துக்கு நூல் கட்டி, அந்தக் கொத்துல மத்த பூவைக் கிள்ளிடுங்க.

கிராஸ் ஆச்சான்னு எப்படித் தெரியும்? எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது. சில ரகத்துல இலை ஓரம் வெட்டு இல்லாம, உருளைக்கிழங்கு இலையாட்டம் முழுசா இருக்கும். அது ஒடுங்கு பண்பு, அதாவது அம்மா, அப்பா ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்தாத்தான் வெளிய தெரியும். அதை அம்மாவா வைங்க, வெட்டு இலை ரகத்தை அப்பாவா வைங்க. நாத்துல வெட்டு இலை வந்தா கிராஸ் நிஜம். முழு இலை வந்தா சொந்த மகரந்தம் புகுந்திருக்கு, பிடுங்கிப் போடுங்க.

விதை எடுக்குறது சுலபம்: சதையோட 2, 3 நாள் புளிக்க விட்டு, அலசி, தட்டுல நிழல்ல காயவைங்க. பேப்பர்ல வச்சா ஒட்டிக்கும். அதிக நாள் புளிக்க விட்டா உள்ளயே முளைக்க ஆரம்பிச்சிரும்.

நிறைய பேர் எஃப்1-லயே, அதாவது கிராஸ் விதையில வர்ற முதல் தலைமுறையிலயே சோர்ந்துடுறாங்க. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்தா எல்லாச் செடியும் சிவப்பாத்தான் காய்க்கும். அது தோல்வி இல்லீங்க, மஞ்சள் உள்ள ஒளிஞ்சிருக்கு. பெத்த ரகம் ரெண்டும் சுத்தமா இருந்தா எஃப்1 செடி ரெண்டு மூணு போதும், எல்லாம் ஒண்ணுதான். கடையில வாங்குன ஹைபிரிட்ட அம்மாவோ அப்பாவோ ஆக்கினா இந்தக் கணக்கு செல்லாது.

எஃப்1 பழத்தோட விதையில வர்ற எஃப்2-லதான் இடம் வேணும். மஞ்சள் நாலுல ஒண்ணு வரும். மஞ்சளும் முழு இலையும் சேர்ந்து வேணும்னா 16-ல ஒண்ணு, அதுக்கு ஒரு 50 நாத்தாவது போடுங்க. இலை நாத்துலயே தெரியும்ங்கறதால, வேண்டாததை அப்பவே கழிச்சிட்டு மிச்சத்தை மட்டும் நடலாம்.

அதுக்கப்புறம் கலப்பு, அதாவது அம்மா, அப்பா ரெண்டு பேரோட குணமும் இன்னும் கலந்தே இருக்குற பங்கு, தலைமுறைக்குப் பாதியாக் குறையும்: எஃப்2-ல 50 சதவீதம், எஃப்3-ல 25, எஃப்6-ல ஏறக்குறைய 3. அதுவரைக்கும் நல்ல பழத்தைப் பாக்காதீங்க, நல்ல செடியைப் பாருங்க. பிடிச்ச நாலு செடியோட விதையை ஒரே பாக்கெட்ல கொட்டினா எது எதோட பிள்ளைன்னே தெரியாது. செடிக்கு ஒரு பாக்கெட், மேல அம்மா, அப்பா, தலைமுறை, செடி நம்பர்.