நம் வீடுகளில் நிதானமாக ஒலித்த இசை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளின் இசையைப் பற்றிப் பேச இந்த நேரத்தை ஒதுக்கித் தந்த நிலையத்தாருக்கு என் நன்றி. கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத் தாமான்களிலும் தொண்ணூறுகளில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கும், அவர்களை அதட்டித் தொலைக்காட்சியை அடைக்கச் சொன்ன பெற்றோருக்கும் அந்த இசை காதில் ஊறிப்போன ஒன்று. உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்கும் தகுதி அதற்கு உண்டு என்பது என் நெடுநாளைய கருத்து.

1983-ஆம் ஆண்டில் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை அதன் நகல்கள்தாம். அதன் ஒலிச் சில்லு, அதாவது ஒலியை எழுப்பும் சிப், ஒரே நேரத்தில் ஐந்து குரல்களை மட்டுமே எழுப்பும். முதல் இரண்டும் கூர்மையான நாதம் கொண்டவை. மெட்டைப் பெரும்பாலும் இவையே சுமக்கும். மூன்றாவது மென்மையான குரல். கீழ் ஸ்தாயி அதன் பொறுப்பு. நான்காவது வெறும் இரைச்சல். வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தினால் ஓர் இரைச்சல் கேட்குமே, அதைப் போன்றது அது. அந்த இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் தாளம் அமைத்தார்கள். ஐந்தாவது, முன்பே பதிவுசெய்த ஒலித் துணுக்குகளுக்கானது; கேசட்டில் நிறைய இடம் பிடிக்கும் என்பதால் பல விளையாட்டுகள் அதைத் தொடவே இல்லை.

இவற்றுள் மூன்றாவது குரலைத்தான் நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்வேன். அந்தக் குரலுக்கு ஒலியின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. ஒலிக்கும், இல்லையேல் நிற்கும்; அவ்வளவுதான். சுரத்தை மெல்லத் தேயவிட்டு மறைப்பது அதனால் ஆகாத காரியம். ஆகவே, சுரத்தை எங்கே தொடங்குவது என்பதைவிட எங்கே அறுப்பது என்பதில்தான் இசையமைப்பாளரின் கைவண்ணம் தெரியும். அறுத்த இடத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே விழும் சிறு மௌனம்தான் அந்தக் காலத்து மெட்டுகளுக்குத் துள்ளலைக் கொடுத்தது. அதே குரலில் ஒரு சுரத்தை இமைக்கும் நேரத்துக்குள் மேலிருந்து கீழே சறுக்கவிட்டு, முரசடி போன்ற ஒலியையும் வரவழைத்தார்கள். அடுத்த முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு, இந்தக் கீழ்க் குரலை மட்டும் தொடர்ந்து பாருங்கள்.

1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டுக்கு இசையமைத்தவர் கோஜி கொண்டோ. அதில் நிலத்தடிப் பகுதியை நினைவுபடுத்திப் பாருங்கள்: தாழ்ந்த சுரங்களில் குட்டிக் குட்டிச் சொற்கட்டுகள், அவற்றுக்கு நடுவே வெறும் மௌனம். நீருக்கடியில் போனால் மூன்று எண்ணிக்கையில் அசைந்தாடும் வால்ட்ஸ். கடிகாரம் நூறுக்குக் கீழே இறங்கினால் அதே இசை வேகம் பிடிக்கும். விளையாடும் பிள்ளையின் கை தானாகப் பதறும். ஒரு நாணயத்தை எடுக்கும்போது ஒலிக்கும் மணியோசையையும் கவனியுங்கள். அதற்கென்று தனிக் குரல் ஒதுக்க வசதி இல்லாததால், இசையில் பாடிக்கொண்டிருக்கும் ஒரு குரலைக் கடன் வாங்கித்தான் அந்த மணி ஒலிக்கிறது. அந்தக் கணத்தில் ஒரு குரல் காணாமல் போகிறது. நாம் உணர்வதில்லை, ஏனென்றால் நான் சொன்ன அந்தக் கீழ்க் குரல் இடைவிடாமல் நடையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இந்த இசையை 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தனது தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. வீடியோ விளையாட்டு இசை ஒன்று அதில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

இனி, நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். மலேசியத் தொலைக்காட்சி 50 முறை. அந்தக் கருவிகளில் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போதுதான் இசையும் பொதுவாக ஓரடி முன்னே நகரும். எனவே அதே கேசட்டை நம் தொலைக்காட்சிக்கேற்ற கருவியில் போட்டால், இசை ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஆனால் சுருதியை நிர்ணயிக்கும் உள் துடிப்பு பல நகல் கருவிகளில் ஏறக்குறைய ஜப்பானியக் கருவிக்கு நிகராக இருந்ததால், சுருதி இறங்கவில்லை. சுருதி அப்படியே நிற்க, காலப்பிரமாணம் மட்டும் நிதானப்பட்டது. அதோடு, சில நகல் சில்லுகளில் முதல் இரண்டு குரல்களுக்கான நாத அமைப்புகளில் இரண்டு இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. இசையமைப்பாளர் மெலிந்த குரலைக் கேட்ட இடத்தில் தடித்த குரல் வந்தது, தடித்ததைக் கேட்ட இடத்தில் மெலிந்தது வந்தது. இன்று இணையத்தில் மூலப் பதிவைக் கேட்டுவிட்டு, 'ஏன் இப்படி ஓடுகிறது, நாம் கேட்டது இதுவல்லவே' என்று திகைக்கும் நம்மவர்களின் காது பொய் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளைப் பருவத்தில் கேட்டது உண்மையிலேயே வேறு ஒரு வாசிப்பு. மூலப் பதிவுகளைப் பாதுகாக்க உலகெங்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். நம் வரவேற்பறைகளில் ஒலித்த இந்த வாசிப்பைப் பாதுகாக்க நம்மைவிட்டால் ஆளில்லை. சாமான் அறையில் பழைய கருவி கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் ஒலி வெளியேறும் துளையில் கம்பியைச் சொருகி, கணினியில் பதிந்து வையுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதாக ஒலிபரப்பாளர் சைகை காட்டுகிறார். 1982-இல் வந்த கொமடோர் 64 கணினியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். பாப் யானெஸ் வடிவமைத்த அதன் ஒலிச் சில்லில் மூன்றே குரல்கள். மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டுமென்றால், மூன்று குரல்களையும் அதற்கே செலவிடாமல், ஒரே குரலை நொடிக்கு 50 முறை சுரம் மாற்றிச் சுழலவிடுவார்கள். காது அதை ஒரு மினுங்கும் சுரக்கூட்டாக ஏற்றுக்கொள்ளும். இசையமைப்பாளர்கள் ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே ஆகியோர் இதில் கைதேர்ந்தவர்கள். அந்தச் சில்லின் முதல் வகையில் ஒலி வடிப்பான் சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஆகவே ஒரே பாட்டு இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக ஒலித்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் வாய்ப்புக் கிடைத்தால் பேசுகிறேன். வணக்கம்.