தெய்வம் நிற்கும் நேரத்தில் வந்தவர்கள்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, காலையிலிருந்து தன் கையாலேயே நாற்காலிகளை எடுத்துப்போட்ட நூலகர் அம்மா அவர்களே, இப்படியொரு தலைப்பைக் கேட்டும் எழுந்துபோகாத நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும். நான் எங்கே பேசினாலும் இதில்தான் தொடங்குவேன். அரசன் கொல்லவில்லை, தெய்வமும் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறது என்றால் செத்தவனுக்காக யார் வருவது? அந்த இடைவெளியில் பிறந்தவன்தான் அமெரிக்க மலிவு இதழ்களின் முகமூடிக்காரன். மூன்று விஷயம் பேசப்போகிறேன்: முகமூடி எதற்கு, செத்தவர்கள் எதற்கு, பழிவாங்குகிறவனும் கொலைகாரன்தானே என்பது. மூன்றாவதை ஐயா முன்னால் கவனமாகப் பேச வேண்டும், அதனால் கடைசியில்.

1929 பிப்ரவரி 14, சிகாகோவில் ஒரு வண்டிக் கொட்டகையில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்களில் சிலர் போலீஸ் உடுப்பில் இருந்தார்கள். அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. எல்லோரும் சந்தேகப்பட்ட சிகாகோ கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோன் 1931-இல் குற்றவாளி ஆனது வருமான வரி வழக்கில். அதே 1931 ஏப்ரலில் கடைக்கு வந்தது ‘தி ஷேடோ’ இதழ், விலை 10 சென்ட்.

அது பிறந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1930-இல் ஒரு பதிப்பகம் தன் துப்பறியும் இதழை விற்க வானொலியில் கதை படிக்கவைத்தது. படித்தவர் ஒரு மர்மக் குரல், பெயர் ‘ஷேடோ’, நிழல். கேட்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடைக்குப் போய், விளம்பரம் செய்த இதழை விட்டுவிட்டு, “அந்த நிழல் இதழ் கொடுங்கள்” என்றார்கள். அப்படி ஒரு இதழே கிடையாது! கடைக்காரர் இல்லை என்கிறார், அடுத்தவர் வந்து அதையே கேட்கிறார். கடைசியில் பதிப்பகம் வால்டர் கிப்ஸன் என்ற பத்திரிகையாளரைப் பிடித்தது, அவர் மந்திரவித்தையும் தெரிந்தவர். முதல் இதழுக்குப் புது அட்டைகூட வரையவில்லை, கிடப்பில் இருந்த ஒரு பழைய படத்தையே எடுத்துப்போட்டார்கள், அதில் ஒரு மனிதனின் நிழல் விழுந்திருந்தது, அவர் அந்தப் படத்துக்குத் தகுந்தபடி கதையை வளைத்தார். அப்புறம் 1949 வரை 325 இதழ்கள், அதில் 282 கதைகள் அவர் எழுதியவை! வெறும் குரலுக்கு ஜனங்கள் உடம்பு கேட்டு வாங்கினார்கள்.

1933-இல் ‘ஸ்பைடர்’ வந்தான், தான் கொன்ற குற்றவாளியின் நெற்றியில் சிவப்புச் சிலந்தி முத்திரை குத்துகிறவன். பேட்மேன் 1939 மே மாதம் வந்துவிட்டான், ஆனால் அவன் பெற்றோர் தெருவில் சுடப்பட்ட கதை நவம்பரில்தான் வந்தது. முகமூடி முதலில், பிணம் பிறகு. யாருக்காக இந்தக் கோபம் என்று சொல்லாமல் முகமூடி நிற்காது என்பது என் கருத்து.

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும். அந்த இதழ்களின் காகிதமும் அப்படித்தான், நின்று சாகிறது. மரக்கூழில் லிக்னினை, அதாவது மரத்தின் நார்களை ஒட்டிவைக்கும் பொருளை, நீக்காமல் செய்த மலிவுத் தாள், வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து, அமிலம் ஏறி, பக்கத்தைத் திருப்பும்போதே விரலில் உதிரும். நூற்றுக்கணக்கான கதைகளில் செத்தவர்களுக்காக வந்த ஆள் இப்போது அவனே சாகிறான், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குப்பை இலக்கியம் என்று ஒதுக்கியவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. நூலகர் அம்மா அமிலமற்ற பெட்டிகள் கேட்டு மனு எழுதியிருக்கிறார், தலைவர் அவர்கள் இன்றே கையெழுத்திட வேண்டும், மேடையில் வைத்தே கேட்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. மூன்றாவது விஷயத்தை ஐயாவே தம் உரையில் தொடட்டும். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பரணில் பழைய துப்பறியும் இதழ்கள் எந்த மொழியில் இருந்தாலும் எடைக்குப் போடாமல் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.