மூக்கடைப்பும் பையில இருக்கிற சொட்டு பாட்டிலும்

வணக்கம் நேயர்களே. காது மூக்கு தொண்டை டாக்டர்னு கூப்பிட்டிருக்காங்க, ஆனா இன்னைக்கு காது பக்கம் போகல, மூக்கைப் பேசி முடிக்கவே நேரம் பத்தாது.

கிளினிக்குள்ள நுழையும்போதே "டாக்டர், எனக்கு சைனஸ்"னு சொல்றவங்க நிறைய. சட்டைப்பையில ஒரு மூக்கு சொட்டு பாட்டில் இருக்கும். எவ்ளோ நாளா போடுறீங்கன்னு கேட்டா, "அது ஆச்சுங்க, பையன் எட்டாவது படிக்கறப்ப இருந்து"ம்பாங்க, பையன் இப்ப காலேஜ்ல இருப்பான். அந்த சொட்டுல இருக்கிறது ஆக்ஸிமெட்டாசோலின், இல்லன்னா சைலோமெட்டாசோலின். மூக்குக்குள்ள வீங்கிக் கிடக்கிற ரத்தக்குழாயை சுருக்கிடும், கொஞ்ச நேரத்துல மூக்கு திறந்துக்கும், நிம்மதியா தூங்கலாம், அதுல தப்பே இல்ல. ஆனா அஞ்சு நாளைத் தாண்டி போட்டுக்கிட்டே இருந்தா, மருந்து வேகம் இறங்கினதும் குழாய் முன்னைவிட அதிகமா வீங்கும், திரும்ப சொட்டு, திரும்ப வீக்கம், சளி எப்பவோ போயிருக்கும் அடைப்பு மட்டும் போகாது, ஏன்னா இப்ப அடைக்கிறதே அந்த மருந்துதான். இவங்களுக்கு சொட்டை நிறுத்திட்டு பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதுவோம். ஸ்டீராய்டுன்னதும் முகம் மாறிடும், சொட்டைப் பத்தி பயமே இருந்திருக்காது! முதல் ஒண்ணு ரெண்டு வாரம் கஷ்டம்தான், பொறுத்துக்கணும்.

சைனஸ்ங்கிறது முகத்து எலும்புக்குள்ள இருக்கிற காத்து அறைங்க, மொத்தம் நாலு ஜோடி. கன்னத்துல இருக்கிறதுதான் பெருசு, அதுக்கு வாசல் மேல இருக்கு, அடியில ஓட்டை இல்லாத தண்ணித்தொட்டி மாதிரி, அதனால நிமிர்ந்து உக்காந்தா தானா வடியாது. ஜலதோஷத்துல வாசல் வீங்கினா உள்ள தேங்கிடும். இது பெரும்பாலும் வைரஸ்தான், பத்து நாளுக்குள்ள அடங்கும். சளி பச்சையாயிடுச்சேன்னு மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாட்டிக் வாங்கி முழுங்கிடறாங்க, அந்த நிறம் நம்ம வெள்ளையணுக்களால வர்றது, வைரஸ்லயும் வரும். பத்து நாள் தாண்டியும் குறையலையா, இல்ல நல்லாகி வந்தது திடீர்னு காய்ச்சலோட ஏறுதா, அப்ப பாக்டீரியாவான்னு பாக்கணும். கண்ணைச் சுத்தி வீங்கினா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அப்புறம், தலைவலி வந்து வெளிச்சம் பிடிக்காம குமட்டுதுன்னா பல தடவை அது மைக்ரேன், வருஷக்கணக்கா சைனஸ்னு நினைச்சு ஆவி பிடிச்சிக்கிட்டிருப்பாங்க.

உப்புத்தண்ணியால மூக்கு கழுவறது நல்லதுதான், ஆனா கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியா இருக்கணும். 2024ல கேரளாவுல மூளையைத் தாக்குற அமீபாவால பிள்ளைங்க செத்தது ஞாபகம் இருக்கும், அது தண்ணி வழியா மூக்குக்குள்ள போற கிருமி, அபூர்வம்தான், ஆனா குழாய்த்தண்ணியை அப்படியே ஊத்தாதீங்க.

தொண்டைக்கு ஒண்ணே ஒண்ணு. ஸ்ட்ரெப்ங்கிற பாக்டீரியாக் கிருமியால வர்ற தொண்டை வலியை சரியா கவனிக்கலன்னா, சில பிள்ளைங்களுக்கு பின்னாடி இதய வால்வு வரைக்கும் பாதிக்கும், அதுக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை ரெண்டு நாள்ல நிறுத்தாதீங்க.

கடைசியா சின்னக் குழந்தைங்க. ஒரே ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தமா சளி வந்தா அது சளி இல்ல, பெரும்பாலும் புளியங்கொட்டையோ ஸ்பான்ஞ்சோ உள்ள போயிருக்கும். வீட்ல ஹேர்பின்னை விட்டு நோண்டாதீங்க, இன்னும் உள்ள போயிடும். பொம்மையோட பட்டன் பேட்டரியா இருக்குமோன்னு சந்தேகம் வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, சில மணி நேரத்துலயே மூக்குத்தண்டை அரிச்சு ஓட்டை போட ஆரம்பிச்சிடும், ராத்திரி ரெண்டு மணின்னாலும் தூக்கிட்டு வாங்க.