கரணை கைக்கு வந்த நாள்

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலையில் தொழில் பழகுவது எப்படி இருக்கும் என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். நான் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரன். 1991-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கையோடு மதுரையில் வீடு கட்டும் வேலைக்கு வந்தேன். இன்று வரை இதே தொழில்தான். இப்போது என்னோடு பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள்.

முதலில் எங்கள் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். கல் வைப்பவரும் பூசுபவரும் கொத்தனார். வேலையை ஒப்புக்கொண்டு ஆள் வைத்து நடத்துபவர் மேஸ்திரி. கலவை போடவும் கல் எடுத்துக் கொடுக்கவும் கூட நிற்கும் ஆணை எங்கள் பக்கம் நிமிந்தாள் என்போம். அதே இடத்தில் நிற்கும் பெண் சித்தாள். நான் நிமிந்தாளாகச் சேர்ந்தேன். கொத்தனார் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எனக்குக் கிடைத்தது. சித்தாளுக்கு அதைவிடக் குறைவு.

எங்கள் தொழிலில் யாரும் உட்கார வைத்துப் பாடம் சொல்வதில்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் எனக்கு ஒரு வாத்தியார் இருந்தார். அவர் ஒரு சித்தாள் அக்கா. நான் சேர்ந்தபோதே அவர் வேலைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதல் நாள் என்னைக் கலவை போடச் சொன்னார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு ஆறு, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். நானும் சட்டியை எண்ணி எண்ணிக் கொட்டினேன். அக்கா வந்து மணலில் ஒரு பிடி அள்ளி அமுக்கினார். கையை விரித்தால் மணல் உருண்டையாக அப்படியே நின்றது. "தம்பி, மணல் ஈரமா இருக்கு. சட்டி கணக்கு ஏமாத்தும். இன்னொரு சட்டி போடு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. லேசாக ஈரம் ஏறிய மணல் உப்பிக்கொண்டு நிற்கும், காய்ந்த மணலைவிடக் கால்வாசி வரைகூட அதிக இடத்தை அடைக்கும், அதனால் ஆறு சட்டி அளந்தாலும் உள்ளே ஆறு சட்டி மணல் இருக்காது என்று பல வருஷம் கழித்து ஒரு பொறியாளர் எனக்கு விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல, அந்த அக்கா கையை விரித்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் செங்கல். தொட்டியில் கல்லைப் போட்டதும் குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். குமிழ் நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால், கலவையில் இருக்கும் தண்ணீரைக் கல் குடித்துவிடும். சிமெண்டு இறுகத் தண்ணீர் இல்லாமல் வெறும் மணலாக உதிரும். இதையும் அக்காதான் சொன்னார். நல்ல கல்லா என்று பார்க்க இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டச் சொல்வார். நன்றாக வெந்த கல் மணி மாதிரி பேசும். வேகாத கல் 'டப்' என்று அடைத்த சத்தம் போடும்.

கரணை என்றால் கொத்தனார் கலவை அள்ளும் கருவி. அடுத்தவர் கரணையைத் தொடக் கூடாது என்பது எழுதாத சட்டம். மத்தியானம் கொத்தனார்கள் சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுக்கும்போது, கரணை தண்ணீர் வாளியில் கிடக்கும். ஒன்றரை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மேஸ்திரி மாமா (சொந்தம் இல்லை, எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) படுத்தபடியே, "எடுத்து வைடா, பார்ப்போம்" என்றார். பின்பக்கம் ஒரு கக்கூஸ் சுவர். மூலையை அவர் ஏற்கனவே ஏற்றி, கல் நேராக வர நூல் கட்டியிருந்தார். நடுவில் கல் வைப்பதுதான் என் வேலை. பழகுகிறவனுக்கு முதலில் நடுச்சுவர்தான் தருவார்கள். மூலை கோணினால் சுவர் முழுவதும் கோணும் என்பதால் மூலை தேர்ந்த கைக்கு மட்டுமே.

சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு நாலு வரி கல் வைத்தேன். நூலைக் கல் தொடக் கூடாது, ஒரு மயிரிழை விலகி நிற்க வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. என் கற்கள் நூலைத் தள்ளிக்கொண்டே போயிருக்கின்றன. அக்கா தூரத்திலிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்து, "தம்பி, வயிறு தள்ளுது" என்றார். மாமா எழுந்து வந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டின் நூலில் ஒரு சின்ன மரக்கட்டை கோத்திருக்கும். கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்று. கட்டையைச் சுவரின் மேல்பகுதியில் ஒட்டிப் பிடித்தால், கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமல் நிற்க வேண்டும். என் சுவருக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது.

திட்டவில்லை. "பிரி" என்றார், அவ்வளவுதான். கலவை இறுகும் முன் ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, ஒட்டியதைச் சுரண்டி, கழுவி, மறுபடி அடுக்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்று இரவு விரல் நுனியெல்லாம் எரிந்தது. சிமெண்டின் காரம் தோலை அரித்து, விரல் நுனியில் ஊசி குத்தியது மாதிரி ஓட்டை விழும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம். இன்றைக்கு என் ஆட்களுக்கு ரப்பர் கையுறை வாங்கிக் கொடுக்கிறேன். அன்று அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

பூச்சு வேலை, பூச்சைச் சமப்படுத்த மட்டப்பலகை இழுப்பது, மணியாஸ் கட்டை என்கிற மரத் தேய்ப்பானால் தேய்ப்பது எல்லாம் அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் கை வந்தது. ஆறாம் வருஷம் மூலை ஏற்றினேன். முழுக் கொத்தனார் கூலி வாங்கினேன்.

அக்கா எங்கே இருந்தார் என்று கேட்பீர்கள். எனக்குக் கலவை கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார். நேயர்களே, நான் இன்று இங்கே பேச வந்ததே இதற்காகத்தான். என் சுவர் வயிறு தள்ளுவதைக் குண்டு போடும் முன்பே கண்ணால் கண்டவர் அவர். அந்தக் கண்ணை நான் சம்பாதிக்க ஆறு வருஷம் ஆனது. அவர் கையில் ஒரு தடவைகூட யாரும் கரணையைக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அது எனக்கு இன்று வரை உறுத்துகிறது.

பெண்கள் சாரத்தில் ஏற முடியாது என்பார்கள். தலையில் பத்துக் கல், முப்பது கிலோ, அதோடு அதே சாரத்தில் நாள் முழுக்க ஏறி இறங்கியவர் அவர். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பார்கள். எந்த வீட்டுக்காரரிடமும் யாரும் கேட்டுப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. நிமிந்தாள் என்றால் நாளைய கொத்தனார், சித்தாள் என்றால் நாளைக்கும் சித்தாள். பெயர் வைத்த அன்றே எங்கள் தொழில் இதை முடிவு செய்துவிட்டது.

தொழில் பழகுநர் சட்டம் என்று 1961-இலேயே ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் எழுதி, உதவித்தொகை கொடுத்துப் பழக்க வேண்டும் என்கிறது அது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்தனார் வேலைக்கென்று ஒரு வருஷப் படிப்பும் உண்டு. பத்துப் பேரை வைத்து வீடு கட்டும் எங்களைப் போன்ற மேஸ்திரிகளிடம் இந்த ஒப்பந்தத் தாளை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு உண்மையில் வந்து சேர்ந்தது வேறு. கட்டடத் தொழிலாளர்கள் சங்கம் சேர்த்துப் போராடியதில், தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்தது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. விபத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, வயதான பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாகத்தான். அக்கா இப்போது அந்த ஓய்வூதியம் வாங்குகிறார். இடுப்பு வளைந்துவிட்டது, கண் மட்டும் அன்று போலவே இருக்கிறது. போன தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைக் காட்டி, "நடுவுல நூல் தொய்ஞ்சிருக்கு, பார்த்தியா?" என்றார்.

என் வேலையிடத்தில் ஐந்து வருஷமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். காலை டீ முடிந்ததும் ஒரு மணி நேரம், பழக விரும்புகிறவர் கையில் கரணை. சாப்பாட்டு நேரத்தில் இல்லை, கூலி நேரத்தில். பசியோடு பழகியவன் நான், அது போதும். அந்த ஒரு மணி நேரத்தில் ஐம்பது அறுபது கல் குறையும். நாலு வரி பிரிக்க நேர்ந்தால் இன்னும் குறையும். அந்த நஷ்டம் மேஸ்திரியுடையதாக இருக்கட்டும், பழகுகிறவருடையதாக இருக்க வேண்டாம்.

சித்தாளாக வந்த ஒரு தங்கச்சி இப்படித்தான் கரணை பிடித்தாள். முதல் மாதம் என்னுடைய கொத்தனார் ஒருவரே, "இதெல்லாம் சரிப்படுமா அண்ணே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. தூக்குக்குண்டை அவர் கையில் கொடுத்து, போய் அவள் சுவரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளிலிருந்து அவளுக்குக் கல் எப்படித் தட்டி உட்கார வைப்பது என்று சொல்லித்தர ஆரம்பித்தார். போன வருஷத்திலிருந்து அவளுக்கும் முழுக் கொத்தனார் கூலி.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மேஸ்திரிமார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கூடப் பத்து வருஷம் கலவை சுமந்த சித்தாள் ஒருவர் இருப்பார். நாளைக்கு டீ முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, நூல் கட்டிய சுவரில் நாலு கல் வைக்கச் சொல்லுங்கள்.

திருநகர்ப் பக்கம் ஒரு வீட்டு வேலை நடக்கிறது. திங்கட்கிழமை அங்கே மேல்மாடிச் சுவர் தொடங்குகிறோம். கிழக்கு மூலையை அந்தத் தங்கச்சி ஏற்றப் போகிறாள். மூலை அவளுக்கு இதுதான் முதல் தடவை. நான் கலவை எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.