கத்தரி வெயிலும் செடியின் காலடியும்

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை 21-இல் கத்தரி தொடங்கினால் வைகாசி 14 வரை 25 நாள். வீட்டில் நாலு செடி வைத்திருப்பவர்களுக்கு இந்த நாட்களில் ஒரே கவலைதான்: எவ்வளவு தண்ணீர் விட்டாலும் செடி துவண்டு விடுகிறதே! திருச்சியில் 30 வருடமாகத் தோட்டம் போடுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். செடியின் காலடி மண் மூடியிருக்கிறதா, வெறுமையாகக் கிடக்கிறதா?

எங்கள் கத்தரிக்காய்ப் பாத்தியில் நேற்று மதியம் ஒரு செடிக்குக் கீழே சருகை விலக்கிப் பார்த்தேன். நான்கு விரல் கனத்துக்கு வேப்பிலைச் சருகும் வாழைச் சருகும். அடியில் மண் சில்லென்று, கையில் ஒட்டுகிற ஈரத்தோடு இருந்தது. ஒரு மண்புழு கூட நெளிந்தது. பாத்தி ஓரத்தில் சருகு எட்டாத ஒரு சாண் இடத்தில் கை வைத்தேன், வைக்க முடியவில்லை. இரண்டுக்கும் காலையில் விட்டது ஒரே தண்ணீர்தான்.

இதற்குத்தான் மூடாக்கு என்று பெயர். காய்ந்த இலை, வைக்கோல், பிடுங்கிப் போட்ட களை, எதுவானாலும் சரி. களையில் மட்டும் விதை பிடித்திருக்கக் கூடாது. அப்புறம், தண்டை ஒட்டிப் போடாதீர்கள். மூன்று விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும். தென்னை வைத்திருப்பவர்கள் மரத்திலிருந்து 6 அடி தூரம் வரை வட்டமாகத் தேங்காய் மட்டைகளை முதுகு மேலே பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். ஒரு மரத்துக்குச் சுமார் 100 மட்டை பிடிக்கும். வாசல் கூட்டிய சருகைத் தெருமுனையில் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. அத்தனையும் செடிக்குப் போக வேண்டியது.

தண்ணீர் என்றதும் 2017 கோடை நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. எங்கள் வீட்டு ஆழ்குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர் ஏறும். இரண்டு வயது எலுமிச்சை ஒன்று நின்றது. அது போய்விடும் என்றே நினைத்தேன்.

என் மாமியார் சந்தையிலிருந்து ஒரு மண்பானை வாங்கி வரச் சொன்னார். வண்ணம் பூசாத பானையாக இருக்க வேண்டும் என்றார். வந்ததும் தண்ணீர் நிரப்பித் திண்ணையில் வைத்தார். சாயங்காலம் வெளிப்பக்கம் வியர்த்திருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குழி தோண்டச் சொன்னார். எலுமிச்சைக்கு ஒரு முழம் தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்தோம். கொசு முட்டையிடாமல் இருக்க வாயைத் தட்டால் மூடி மேலே ஒரு கல். சுற்றிலும் சருகு.

ஒரு நாள் அரிசி களைந்த தண்ணீரை அதில் ஊற்றப் போனேன். “அம்மாடி, அதை ஊத்தாதே. கஞ்சிப் பசை பானையோட கண்ணை அடைச்சிடும்” என்றார். மண்பானைக்குக் கண் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நுண்ணிய துளைகள் வழியாகத்தான் தண்ணீர் கசிகிறது. சுற்றியுள்ள மண் காயக் காய அது இழுத்துக்கொள்ளும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். மூன்று நாளைக்கு ஒரு பானை. கோடை முழுக்க அவ்வளவுதான் கொடுத்தோம். ஆவணியில் பானையைத் தோண்டி எடுத்தபோது, வெள்ளை வேர்கள் வலை பின்னியது போல அதைக் கட்டிப் பிடித்திருந்தன. மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அந்த வேர்களைத் தடவிக்கொண்டிருந்தார். எலுமிச்சை இன்றும் காய்க்கிறது.

மாடித் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. செடிப்பைகளை வெறும் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள், ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். 50 சதவீத நிழல்வலை போதும். பையில் நிரப்பிய தேங்காய் நார்க்கழிவு நன்றாகக் காய்ந்தால் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகும். நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் அந்தச் சந்து வழியாக அப்படியே கீழே ஓடிவிடும். அடியில் தண்ணீர் வந்ததே, போதும் என்று நினைத்துவிடுவோம். வேருக்கு ஒரு சொட்டும் போயிருக்காது. மேல்மண்ணைக் குச்சியால் கிளறி, ஓரத்தை அமுக்கி, முதலில் ஒரு சொம்பு, பத்து நிமிடம் கழித்து இன்னொரு சொம்பு. காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். பையிலும் மூடாக்கு வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மண்ணை மூடுங்கள்.

கத்தரி முடியும்வரை செடியைத் தொட்டி மாற்றாதீர்கள், கிளையை ஒட்ட வெட்டாதீர்கள், உரத்தை அள்ளிப் போடாதீர்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். போகவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கோடை உழவைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். ‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பது உங்களுக்கே தெரியும். விதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆடிப் பட்டத்துக்கு இப்போதே விதை எடுங்கள். நல்ல பீர்க்கை ஒன்றைக் கொடியிலேயே விடுங்கள். தோல் பழுப்பேறி, காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு பறித்தால் போதும். வணக்கம்.